தள்ளிப்போடு தெரிஞ்சா புட் ஆஃப் வரும்: ஃப்ரேசல் வெர்ப நம்ம ஊரு பேச்சுல வச்சுப் பழகுற வழி

காட்டிக்கொடுத்துட்டான்னு ஒருத்தனப் பத்தி சொன்னா, என்னத்தக் காட்டுனான் என்னத்தக் கொடுத்தான்னு நாம யாரும் கேக்குறதில்ல. காட்டு தனி, கொடு தனி, ரெண்டும் சேந்தா துரோகம். போட்டுக்கொடுன்னா கோள் சொல்றது, விட்டுக்கொடுன்னா பிடிவாதத்த விட்டு இறங்கி வர்றது, சொல்லிக்கொடுன்னா கத்துத் தர்றது. நாலுலயும் கொடு இருக்கு, ஆனா ஒரு பொருளும் கைமாறல. இத யாரும் நமக்குப் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ண வைக்கல, நாலு வயசுல "அக்கா என்னை அம்மாகிட்ட போட்டுக்கொடுத்துட்டா"ன்னு அழுதுக்கிட்டே தப்பில்லாம சொன்னோம்.

அப்படிப்பட்ட நாம இங்கிலீஷ்ல "கிவ் அப்"னு ஒண்ணு வந்ததும் கிவ்னா கொடு, அப்னா மேல, அப்ப மேல கொடுக்குறதான்னு உக்காந்து பிரிச்சுப் பாக்குறோம், முடியலன்னு விட்டுடுறதுதான் அது. கும்பகோணம் பக்கத்துல எங்க ஊருல சாயங்காலம் திண்ணையில ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்குறேன், பிளஸ் டூ பசங்க வருவாங்க, சிங்கப்பூர் கிளம்புற தம்பிங்க வருவாங்க, பேரப்பிள்ளையோட பேச ஆசைப்படுற பெரியம்மா ஒருத்தங்களும் வர்றாங்க. முக்கால்வாசிப் பேருக்கு டென்ஸ் தெரியும், ஆக்டிவ் வாய்ஸ பேசிவ் வாய்ஸா மாத்தத் தெரியும், ஆனா போன்ல எதிர்ல இருக்குறவர் "ஹோல்ட் ஆன், ஐ வில் லுக் இன்டு இட்"னு சொன்னா அப்படியே நின்னுடுறாங்க. கொஞ்சம் இரு, நான் என்னன்னு விசாரிக்கிறேன், அவ்வளவுதான் அவர் சொன்னது. திண்ணையில நான் சொல்லிக்கொடுக்குற முறையையே இங்க எழுதிடுறேன்.

கெட், கோ, புட், டேக், டர்ன், லுக் மாதிரி ஒரு சின்ன வெர்ப், அதுக்குப் பின்னாடி அப், ஆஃப், அவுட், ஆன், டௌன் மாதிரி ஒரு துண்டு வார்த்தை, ரெண்டும் சேந்து ஒரே அர்த்தம் தந்தா அதுதான் ஃப்ரேசல் வெர்ப். தமிழ்ல வாலா வர்றது இன்னொரு வினை: கொடு, விடு, போடு, கொள், போ. இங்கிலீஷ்ல வாலா வர்றது அந்தத் துண்டு வார்த்தை. ரெண்டுலயுமே அர்த்தத்தத் திருப்பி விடுறது வால்தான். சில இடத்துல ரெண்டு மொழியும் அச்சு அசலா ஒண்ணு சேந்துடும், தள்ளிப்போடுறதப் பாருங்க, புட்னா போடு, ஆஃப்னா தள்ளி, வரிசை மட்டும்தான் மாறியிருக்கு. பாத்துக்கன்னா லுக் ஆஃப்டர். கண்டுபிடின்னா ஃபைண்ட் அவுட். ஓடிப்போன்னா ரன் அவே. வாத்தியார் "டோன்ட் புட் ஆஃப் யுவர் ஹோம்வொர்க்"னு சொன்னா அது "வீட்டுப்பாடத்தத் தள்ளிப்போடாத"ங்குறதுதான், வேற ஒண்ணும் இல்ல.

இது நமக்கு மட்டும் கஷ்டம்னு நினைச்சு மனசு விட்டுடாதீங்க. 1755-ல இங்கிலீஷ் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே அதோட முன்னுரையில, வெளிநாட்டுக்காரங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுக்குற விஷயம் இதுதான்னு, வெர்புக்குப் பின்னாடி ஒரு துண்டச் சேத்து அர்த்தத்த மாத்துற இந்தப் பழக்கத்தக் குறிச்சு வச்சிருக்கார். அப்ப நம்ம ஊரு பையன் திணறுறதுல வெக்கப்பட எதுவுமே இல்ல.

இப்ப மோட்டார் கொட்டகைக்கு வாங்க, பாடத்த நான் எப்பவும் அங்க இருந்துதான் ஆரம்பிக்கிறது. தமிழ்ல நாம "மோட்டார ஆஃப் பண்ணு"ன்னு சொல்றோம், ஆஃப் அப்படிங்குற துண்டோட பண்ணு சேத்து ஒரு வினையாவே ஆக்கிட்டோம், தமிழுக்கு அது சரியாவும் இருக்கு. பிரச்சனை என்னன்னா இங்கிலீஷ் பேசும்போது அந்தப் பண்ணுவ மட்டும் கழட்டிட்டு "ஆஃப் தி மோட்டார்", "ஆன் தி ஃபேன்"னு சொல்லிடுறோம். இங்கிலீஷ்ல ஆஃபுக்கும் ஆனுக்கும் தனியா நின்னு வேலை செய்யிற தெம்பு கிடையாது, முன்னாடி டர்ன் வேணும், இல்ல ஸ்விட்ச் வேணும். "டர்ன் ஆஃப் தி மோட்டார்", "ஸ்விட்ச் ஆன் தி ஃபேன்". நம்ம பண்ணு செய்யிற வேலையத்தான் அங்க டர்ன் செய்யுது, இடம் மட்டும் முன்னாடி.

அடுத்து இடமாத்தம். "டர்ன் ஆஃப் தி மோட்டார்"னும் சொல்லலாம், மோட்டார நடுவுல வச்சு "டர்ன் தி மோட்டார் ஆஃப்"னும் சொல்லலாம், ரெண்டும் சரி. ஆனா மோட்டாருக்குப் பதிலா "இட்"னு சொன்னீங்கன்னா அது நடுவுலதான் உக்காரணும், "டர்ன் இட் ஆஃப்". "டர்ன் ஆஃப் இட்"னு யாரும் சொல்றதில்ல. இட், ஹிம், ஹெர், தெம், மீ, அஸ் எல்லாத்துக்கும் இதே கணக்கு. "பிக் ஹெர் அப்", "வேக் ஹிம் அப்", "த்ரோ தெம் அவே". சொல்லும்போது அழுத்தம் கடைசித் துண்டு மேல விழணும், டர்ன் இட் ஆஃப்புல அந்த ஆஃப்தான் சத்தமாக் கேக்கணும். நம்ம பசங்க டர்ன்ன அழுத்தி ஆஃப முழுங்கிடுறாங்க, கேக்குறவனுக்கு ஆன்னா ஆஃபான்னு புரியிறதில்ல. பத்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, உதடு தானாப் பழகிடும்.

எல்லாத்தையும் இப்படிப் பிரிக்க முடியுமான்னா முடியாது. "லுக் ஆஃப்டர் தி பேபி"ய "லுக் தி பேபி ஆஃப்டர்"னு மாத்த முடியாது, பேபிக்குப் பதிலா ஹெர் வந்தாலும் "லுக் ஆஃப்டர் ஹெர்"தான். எது பிரியும் எது பிரியாதுன்னு கேப்பீங்க. நான் கொடுக்குற கணக்கு இது: வால் அப், டௌன், ஆஃப், அவுட், அவேன்னு இருந்தா பெரும்பாலும் பிரியும், ஆஃப்டர், இன்டு, ஃபார், அட், வித்னு இருந்தா பிரியாது. நூத்துக்கு நூறு இல்ல, "கெட் ஆஃப் தி பஸ்" பிரியவே பிரியாது, ஆனா ஆரம்பத்துல இந்தக் கணக்கு கை கொடுக்கும்.

பஸ்ஸுன்னதும் இதையும் சொல்லிடுறேன். நமக்கு ஏறு, இறங்கு ரெண்டே வார்த்தை, எந்த வண்டியா இருந்தாலும் சரி. இங்கிலீஷ்ல பஸ்சும் ரயிலும்னா கெட் ஆன், கெட் ஆஃப், காரும் ஆட்டோவும்னா கெட் இன், கெட் அவுட் அவ். உள்ள நின்னு நடக்க முடியிற வண்டின்னா ஆன், குனிஞ்சு ஏறி உக்காந்தே ஆகணும்னா இன், இப்படி ஞாபகம் வச்சுக்கலாம். பைக்குக்கு மட்டும் இந்த அடையாளம் பொருந்தாது, ஏறி மேல உக்காருறதால அதுவும் ஆன்தான். "ஐ காட் ஆஃப் தி ட்ரெய்ன் அட் மயிலாடுதுறை அண்ட் காட் இன் அன் ஆட்டோ." இன்னொண்ணு, அவ்னு நான் எழுதுறது கெட் அவுட்டுக்குப் பின்னாடி வர்ற அந்த ஒரு எஃப் உள்ள சின்ன வார்த்தை. தமிழ்ல ரெண்டையும் ஆஃப்னே எழுதிப் பழகிட்டோம், ஆனா டர்ன் ஆஃப்ல வர்றதுக்கு ரெண்டு எஃப், சத்தம் ஃப், இதுக்கு ஒரு எஃப், சத்தம் வ். இத மாத்திச் சொன்னா அர்த்தமே குழம்பும்.

ஸ்டேஷன்னு வந்துட்டா பிக்கப்பும் ட்ராப்பும் இல்லாம நம்ம ஊரு பேச்சு நகராது. "சோழன் எக்ஸ்பிரஸ்ல தங்கச்சி வருது, போயி பிக்கப் பண்ணிட்டு வா"ங்குறோம். இங்கிலீஷ்ல "மை சிஸ்டர் இஸ் கமிங் பை சோழன் எக்ஸ்பிரஸ், ப்ளீஸ் பிக் ஹெர் அப்". கொண்டு போய் விடுறதுக்கு ட்ராப் ஆஃப், "ஐ வில் ட்ராப் யூ ஆஃப் அட் கும்பகோணம் ஸ்டேஷன்", இதுல ஆஃப விட்டுட்டாலும் தப்பில்ல. போன் விஷயத்துல மட்டும் கவனமா இருங்க, "ஹி இஸ் நாட் பிக்கிங் தி கால்"னு நாம சொல்றது நம்ம ஊரு இங்கிலீஷ், வெளியாளுகிட்ட "ஹி இஸ் நாட் பிக்கிங் அப்"னு சொல்லணும். அதே மாதிரி "கட் தி கால்"னா நமக்குப் புரியும், அவங்களுக்கு "ஹேங் அப்". அந்தக் காலத்துல போனு சுவத்துல இருக்கும், பேசி முடிச்சதும் காதுல வச்ச துண்டக் கொக்கியில தொங்க விடுவாங்க, அதுல வந்ததுதான் ஹேங் அப். நாம "போனை வை"ங்குறோம் பாருங்க, அதுவும் ரிசீவர எடுத்து அதோட இடத்துல வச்ச காலத்து வார்த்தைதான், இன்னைக்கு செல்போன்ல வைக்கிறதுக்கும் ஒண்ணுமில்ல, தொங்க விடுறதுக்கும் ஒண்ணுமில்ல, பேச்சு மட்டும் ரெண்டு மொழியிலயும் அப்படியே நிக்குது.

இப்ப தண்ணி. டெல்டாக்காரனுக்கு மேட்டூர் நீர்மட்டம் காலையில காப்பியோட தெரிஞ்சாகணும், அதனால இந்த வார்த்தைங்க மண்டையில நிக்கிற மாதிரி வேற எதுவும் நிக்காது. அணையோட முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. "தி டேம் ஹாஸ் ஃபில்ட் அப்"னா நிரம்பிடுச்சு. "தி வாட்டர் லெவல் ஹாஸ் கான் டௌன்"னா இறங்கிடுச்சு. வாய்க்கா காஞ்சு கிடந்தா "தி கேனல் ஹாஸ் ட்ரைட் அப்". குறுவை நெல் சாகுபடிக்கு ஜூன் 12-ல திறக்குறது வழக்கம், தண்ணி பத்தாத வருஷத்துல தேதி தள்ளிப்போகும், "தே ஹேவ் புட் ஆஃப் தி ஓப்பனிங்". கல்லணைக்கு வந்த தண்ணி காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிஞ்சு போறதுக்கு "ஸ்ப்ளிட் அப்"னு சொல்லலாம்.

மேல வந்ததுல அப் எத்தனை தடவை வந்துச்சுன்னு பாருங்க. நிரம்புறதுக்கும் அப், காயிறதுக்கும் அப். மேலங்குற அர்த்தம் வச்சுக்கிட்டுப் பாத்தா காயிறதுக்கு எதுக்கு அப்னு தலை சுத்தும். இங்க அப்னா முழுசா, மிச்சமில்லாம. நம்ம "விடு" செய்யிற வேலை. குடின்னா குடி, குடிச்சிடுன்னா டம்ளர்ல ஒரு சொட்டு இருக்கக் கூடாது, "ட்ரிங்க் இட் அப்". சாப்பிட்டுடு, "ஈட் அப்". உரத்த பூராப் போட்டுத் தீத்துட்டோம், "வி ஹேவ் யூஸ்ட் அப் ஆல் தி ஃபர்டிலைசர்". வீட்டச் சுத்தமாப் பெருக்கித் தள்ளிடு, "க்ளீன் அப்". இந்த ஒரு அப்ப உள்ள வாங்கிட்டீங்கன்னா புதுசா கேக்குற முப்பது நாப்பது வார்த்தை தானாப் புரிய ஆரம்பிக்கும். ஆன்னுக்கு ஒரு குணம் உண்டு, விடாம தொடர்றது: கோ ஆன், கேரி ஆன், கீப் ஆன். "ரெய்ன் கெப்ட் ஆன்"னா மழை விடல. ஆஃப்னா விலகுறது, அறுபடுறது. அவேன்னா கண்ணுக்கு எட்டாமப் போறது. டௌனுக்கு குறையிறது, இல்ல நின்னுபோறது. ஆனா இத ஒரு சட்டமா எடுத்துக்காதீங்க, கிவ் அப், லுக் அப் எல்லாம் இந்தக் கணக்குக்குள்ள வராது, டிக்‌ஷனரியில ஒரு வார்த்தையத் தேடிப் பாக்குறது லுக் அப்னா அத அப்படியே வாங்கிக்க வேண்டியதுதான், போட்டுக்கொடுல யாரு எதப் போட்டாங்கன்னு நாம கேக்காத மாதிரி.

அவுட்டுக்கு வர்றேன். கிரிக்கெட் ஆடுற பையனுக்கு ரன் அவுட் நல்லாத் தெரியும், ஸ்டம்ப்ல பந்து பட்டுச்சு, ஆளு கிரீசுக்கு வெளிய, முடிஞ்சது. அத வச்சுக்கிட்டு "வி ஹேவ் ரன் அவுட் அவ் டீசல்"னா என்னன்னு கேட்டா ஓடி வெளிய போறதுங்குறான். இது தீந்துபோறது. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அது என்னோட கிளாஸ்ல எல்லாரும் தடுமாறுற இடம். தமிழ்ல "டீசல் தீந்துபோச்சு"ன்னு டீசல வச்சுத்தான் வாக்கியம் ஆரம்பிக்கும். இங்கிலீஷ்லயும் "தி டீசல் ரான் அவுட்"னு சொல்லலாம், ஆனா பேச்சுல அதிகமா வர்றது ஆள வச்சு ஆரம்பிக்கிறது, "வி ரான் அவுட் அவ் டீசல்". ஆளுல ஆரம்பிச்சா அவ் வேணும், பொருள்ல ஆரம்பிச்சா அவ் வேண்டாம். "ஐ ஆம் ரன்னிங் அவுட் அவ் மணி"ன்னா கையில காசு கரைஞ்சுக்கிட்டே வருது. ரெண்டு மாதிரியும் ஒரே நாள்ல அஞ்சு வாக்கியம் எழுதிப் பாத்தீங்கன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது.

வண்டி நின்னுபோச்சுன்னா பிரேக் டௌன். "தி பஸ் ப்ரோக் டௌன் நியர் பாபநாசம்." பஸ்சுல பிரேக்டவுன்னு நாம சொல்றது பெயர்ச்சொல்லு, அது ஒரே வார்த்தை, அழுத்தம் முன்னாடி, பிரேக்டவுன். வினையா வரும்போது ரெண்டு வார்த்தை, அழுத்தம் பின்னாடி, பிரேக் டௌன். செக்கப், மேக்கப், பேக்கப், டேக் ஆஃப், எல்லாத்துக்கும் இதே மாதிரிதான், நம்ம வாயில ஏற்கனவே பெயரா இருக்குறத ரெண்டா உடைச்சா வினை கிடைக்கும். செட்டப்பும் கெட்டப்பும் மட்டும் தமிழுக்கு வந்து வேற அர்த்தத்துக்குப் போயிடுச்சு, அத அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போகாதீங்க. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல சாத்துன நேரத்துல மாட்டுனவங்களுக்கு இன்னொண்ணு, "வி வேர் ஹெல்ட் அப் அட் தி கேட்". கேட்டுல தாமதமாயிடுச்சுன்னு போன்ல சொல்ல இத விட நல்ல வாக்கியம் கிடையாது.

அறுவடைக்கு அப்புறம் கொள்முதல் நிலையத்துல நடக்குறத இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லி பெரிய பசங்களுக்குக் கொடுப்பேன். நெல்லு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, "தே டர்ன்ட் டௌன் அவர் பேடி". டர்ன் டௌன்னா மறுத்துடுறது, வேலைக்கு விண்ணப்பம் போட்டு மறுத்தாலும் இதேதான். மூட்டை மூட்டையா அடுக்கு ஏறிக்கிட்டே போகுது, "தி பேக்ஸ் ஆர் பைலிங் அப்". காய வச்ச நெல்லுல மழை பிடிச்சுக்கிச்சு, "தி ரெய்ன் ஹாஸ் செட் இன்". செட் இன் ரொம்ப அழகான வார்த்தை, மழையோ குளிரோ வந்து இனி லேசுல விடாதுங்குறதுக்கு, வடகிழக்குப் பருவமழைக்கு இத விட்டா வேற பொருத்தமே இல்ல. "வி ஹேட் டு கவர் அப் தி பேடி", தார்ப்பாய் போட்டு மூட வேண்டியதாப் போச்சு.

2018 நவம்பர் 16 அதிகாலையில வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறுனத மறக்க முடியாது. அத இங்கிலீஷ்ல எழுதிப் பாக்கச் சொன்னப்ப பட்டுக்கோட்டைப் பக்கத்துல இருந்து வந்த ஒரு தம்பி எழுதுனது என் நோட்டுல அப்படியே இருக்கு. "தி விண்ட் ப்ளூ ஆஃப் அவர் ரூஃப். இட் நாக்ட் டௌன் ஆல் தி கோகனட் ட்ரீஸ். பவர் வாஸ் கட் ஆஃப். வி ரான் அவுட் அவ் ட்ரிங்கிங் வாட்டர். மை ஃபாதர் ஹாஸ் நாட் காட் ஓவர் இட்." ஓட்டப் பிச்சுக்கிட்டுப் போச்சு, மரத்தச் சாய்ச்சுப்போட்டுச்சு, கரண்ட அறுத்துப்போட்டாங்க, குடிதண்ணி தீந்துபோச்சு, அப்பா இன்னும் அதுல இருந்து மீண்டு வரல. அஞ்சு வாக்கியம், அஞ்சு ஃப்ரேசல் வெர்ப், ஒண்ணுகூட மனப்பாடம் இல்ல. அன்னைக்கு இருந்துதான் நான் பட்டியல் கொடுக்குறத நிறுத்துனேன். கெட்டுக்கு இருபது, டேக்குக்கு பதினஞ்சுன்னு அச்சடிச்சு விக்கிற பட்டியல் எல்லாம் பரீட்சைக்கு முந்துன ராத்திரிக்குத்தான் ஆகும்.

புட் ஆஃபையும் கால் ஆஃபையும் குழப்பிக்காதீங்க, இதுல நான் அடிபட்டிருக்கேன். புட் ஆஃப்னா தள்ளிவைக்கிறது, கால் ஆஃப்னா ரத்து. புயலுக்கு பரீட்சையத் தள்ளி வச்சாங்களா ரத்து பண்ணாங்களாங்குறது படிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம்! சென்னையில ஒரு கம்பெனியில டெஸ்பாட்ச்ல இருந்தப்ப மேனேஜர் போன்ல "கால் ஆஃப் தி டெலிவரி"ன்னாரு, கால்னா போன் பண்றதுன்னு பிடிச்சுக்கிட்டு நான் டிரைவருக்குப் போன் போட்டு லோடக் கிளப்பி விட்டேன். வண்டி மதுரை போயி திரும்பி வந்துச்சு, வாடகைய என் சம்பளத்துல பிடிச்சாங்க. பி.ஏ. படிச்சிருந்தேன், யாரும் இந்த ரெண்டு வார்த்தைய எனக்கு ஒரு வாக்கியத்துல வச்சுக் காட்டல, அந்த ஆதங்கம் இன்னும் இருக்கு, இந்தத் திண்ணை வகுப்பே அதுல பொறந்ததுதான்.

சிங்கப்பூர் போற தம்பிங்களுக்குத் தனியா சொல்லணும், ஏன்னா அங்க கட்டட வேலை சைட்டுல இது உயிர் விஷயம். "வாட்ச் அவுட்!"னு கத்துனா பாருன்னு அர்த்தம் இல்ல, ஆபத்து, நகரு. "ஸ்டாண்ட் பேக்"னா பின்னாடி தள்ளி நில்லு. "ஹோல்ட் ஆன்"னா போன்ல கொஞ்சம் இரு, ஏணி மேல நிக்கும்போது கெட்டியாப் பிடிச்சுக்க. "கெட் டௌன்"னா இறங்கு, சில நேரம் குனிஞ்சுக்க. இந்த நாலையும் யோசிக்காம உடம்பு கேக்குற அளவுக்குப் பழகணும், ஒருத்தர் கத்த ஒருத்தர் அதுபடி நகர்ந்து பழகுங்க, நாங்க திண்ணையிலயே அப்படித்தான் பழகுறோம். அப்புறம் "புட் ஆன் யுவர் ஹெல்மெட்". போட்டுக்கங்குறதுக்கு புட் ஆன், போட்டிருக்கான்ங்குறதுக்கு "ஹி இஸ் வேரிங் எ ஹெல்மெட்". போட்டுக்க, போட்டிருக்க, தமிழ்ல இந்த வித்தியாசம் நமக்கு எவ்வளவு சுளுவா வருது, அதே வித்தியாசம்தான். கழட்டுறதுக்கு டேக் ஆஃப். படிவத்த நிரப்புறதுக்கு ஃபில் இன், கொடுத்துட்டு வர்றதுக்கு ஹேண்ட் இன், கார்டுல காசு ஏத்துறதுக்கு டாப் அப். வேலை முடிஞ்சு கிளம்புறத அங்க "நாக் ஆஃப்"னு சொல்லுவாங்க, "வாட் டைம் யூ நாக் ஆஃப்?"னு கேட்டா எத்தனை மணிக்கு வேலை முடியுதுன்னு அர்த்தம்.

பேச்சுல எது, எழுத்துல எதுன்னு ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வருது. புட் ஆஃபுக்கு போஸ்ட்போன், புட் அப் வித்துக்கு டாலரேட், லுக் இன்டுவுக்கு இன்வெஸ்டிகேட், கால் ஆஃபுக்கு கேன்சல்னு ஒத்த வார்த்தை ஒண்ணு பக்கத்துலயே இருக்கும். 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தப் பிடிச்ச அப்புறம் கோர்ட்டு, ஆட்சி எல்லாம் ஃப்ரெஞ்சுல நடந்துச்சு, அந்த வழியாவும் லத்தீன் வழியாவும் வந்த வார்த்தைங்கதான் இந்தப் பெரிய வார்த்தைங்கள்ல பெரும்பாலானது. கெட், புட், கோ எல்லாம் வீட்டுல புழங்குனது. தமிழ்ல தள்ளிப்போடுன்னு பேசிட்டு நோட்டீஸ்ல ஒத்திவைக்கப்படுகிறதுன்னு எழுதுறோமே, அதே வித்தியாசம். கலெக்டருக்கு மனு எழுதினா போஸ்ட்போன், கூட வேலை பாக்குறவருகிட்டப் பேசினா புட் ஆஃப். நம்ம பசங்க மனு மொழியத்தான் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்காங்க, அதனால பேசினா விறைப்பா இருக்கு.

மூணு வார்த்தை உள்ளதும் உண்டு, அதிகம் இல்லாட்டியும் தினமும் வர்றது. சகிச்சுக்கிட்டு இருக்குறதுக்கு புட் அப் வித், "வி புட் அப் வித் தி மஸ்கிட்டோஸ்". மத்தவங்களுக்கு ஈடு கொடுத்து கூடவே வர்றதுக்கு கீப் அப் வித். லெட்டர் முடிவுல வர்ற "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ"ல ஹியரிங்னு ஐஎன்ஜி கட்டாயம், டு ஹியர்னு எழுதாதீங்க. புட் அப், கீப் அப் கேட்டுப் பழகி "கோப் அப் வித்"னு ஒண்ண நாமளே உண்டாக்கிட்டோம், அப்படி ஒண்ணு இல்ல, கோப் வித் மட்டும்தான். அதே மாதிரி "ஐ பாஸ்ட் அவுட் இன் 2015"னு இன்டர்வியூல சொல்றத விடுங்க, இந்தியாவுல புரியும், வெளிநாட்டுக்காரங்களுக்கு பாஸ் அவுட்னா மயக்கம் போட்டு விழுறது, "ஐ கிராஜுவேட்டட் இன் 2015"னு சொல்லுங்க. ரிட்டர்ன் பேக்குல பேக் தேவையே இல்ல, ரிட்டர்ன்லயே திரும்பி வந்தாச்சு.

பழகுற முறை என்னன்னா, நாப்பது பக்க நோட்டு ஒண்ணு. பக்கத்துக்கு ஒரு இடம்: அடுப்படி, வயல், பஸ்சு, பேங்க், ஆஸ்பத்திரி, கோயில். அந்த இடத்துல அன்னைக்கு உங்களுக்கு நடந்தத மொதல்ல தமிழ்ல, பேசுற மாதிரியே எழுதுங்க, அதுல வால் உள்ள தமிழ் வினை எல்லாத்துக்கும் கீழ கோடு போடுங்க. எழுந்துட்டேன், கொட்டிட்டேன், ஊத்தி வச்சேன், கூட்டிட்டு வந்தேன், தீந்துபோச்சு. பக்கத்துல இங்கிலீஷ் வாக்கியம். ஒரு நாளைக்கு மூணுக்கு மேல வேண்டாம், மூணும் உங்களுக்கு நெசமா நடந்ததா இருக்கணும். தெரியாதத டிக்‌ஷனரியில தேடும்போது அர்த்தத்த விட்டுட்டு அங்க கொடுத்திருக்குற வாக்கியத்த எடுத்துக்கங்க, அதுல ஆளையும் ஊரையும் மட்டும் மாத்துங்க. எழுதுனத வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜா ஒருத்தருக்கு அனுப்புங்க, அவரும் அனுப்பட்டும். மறுநாள் நோட்டப் பாக்காம அதையே இட், ஹிம், ஹெர் போட்டு மாத்திச் சொல்லுங்க, இதுலதான் இடமாத்தம் உறைக்கும்.

பேரனோட பேசணும்னு வர்ற அந்தப் பெரியம்மா போன வாரம் அடுப்படிப் பக்கத்துல எழுதுனது: "ஐ வோக் அப் அட் ஃபோர், பட் ஐ காட் அப் அட் ஃபைவ். தி கேஸ் ரான் அவுட். ஐ புட் ஆஃப் தி இட்லி." கண்ணு முழிச்சது நாலு மணிக்கு, எழுந்தது அஞ்சுக்கு, வேக் அப்புக்கும் கெட் அப்புக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரே வாக்கியத்துல வந்துடுச்சு. அத ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல பேரன்கிட்டச் சொன்னாங்களாம், அவன் "பாட்டி, டிட் யூ ஈட் அவுட் தென்?"னு கேட்டிருக்கான். ஈட் அவுட்னா ஹோட்டல்ல சாப்பிடுறது. மறுநாள் சாயங்காலம் வந்ததும் மொத வேலையா நோட்டத் தொறந்து அத எழுதிக்கிட்டுத்தான் உக்காந்தாங்க.